பழமை மாறாமல் சிமெண்ட்!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர்ச் சத்திரத்தைப் 'பழமை மாறாமல்' புதுப்பிக்கப்போவதாகப் பேரூராட்சித் தலைவர் சொன்னதைத் தங்கள் மாவட்டப் பக்கத்தில் படித்தோம். மகிழ்ச்சி. அடுத்த வரியிலேயே, பழைய பூச்சை முழுக்கக் கொத்தி எடுத்து, சிமெண்ட் பூசி, பெயிண்ட் அடித்து மூன்றே மாதத்தில் திறந்துவிடுவோம் என்கிறார். இந்த இரண்டு வரிக்கும் நடுவில் தங்கள் நிருபருக்கு ஒரு கேள்விகூடத் தோன்றாதது எங்கள் துரதிர்ஷ்டம்.

அது செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டிய சுவர். அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்பு கிடையாது. தரை ஈரம் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் ஏறிய ஈரம் வெயிலில் வெளியே போய்விடும். சிமெண்ட் வழி விடாது. ஈரம் இன்னும் மேலே ஏறும், கூட வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் தங்கிச் செங்கல்லை மாவாக உதிர்க்கும். சில மழைக்காலத்திலேயே பூச்சு உப்பிக்கொண்டு, தட்டினால் 'பொத் பொத்' என்று கேட்கும். உடனே 'கட்டடம் வலுவிழந்துவிட்டது' என்று ஒரு சான்றிதழ் வரும், பின்னாலேயே ஜேசிபி வரும். செட்டிநாட்டில் எத்தனை வீடு இப்படிப் போயிற்று என்பது தாங்கள் அறியாததல்ல.

மூன்று மாதக் கணக்கு யார் போட்டது? தண்ணீர் விட்டு நீற்றிய சுண்ணாம்பைச் சலித்துத் தண்ணீருக்குள்ளேயே இரண்டு வாரமாவது வைக்க வேண்டும். நீறாத கல் ஒன்றிரண்டு தங்கினால் பூசிய பிறகு நீறி, கொப்புளம் கொப்புளமாக வெடிக்கும். கலவையில் சேர்க்க, உடைத்த கடுக்காயையும் வெல்லத்தையும் தனியே ஊறப்போட்டு ஒரு வாரம் புளிக்கவிட வேண்டும். முதல் பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு ஆற்றுமணல். அரை அங்குலத்துக்கு மேல் ஒரே தடவையில் ஏற்றினால் வெடிப்பு விடும். சுண்ணாம்பு காற்றை வாங்கித்தான் இறுகும், அதுவும் மெதுவாக. ஒரு கைப் பூச்சு இறுகிய பிறகே அடுத்த கை. மணலே சேராத கடைசிப் பூச்சை வழவழவென்று கல்லால் தேய்க்கவே தனி ஆள் வேண்டும். மார்ச் 31க்குள் பில் போட வேண்டிய ஒப்பந்ததாரரிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்.

மேல்தளத்தைப் பற்றித் தலைவர் வாயே திறக்கவில்லை. அது மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரத்தின் மேல் சின்னச் செங்கல்லை நிறுத்திக் கோணலாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்துக் கட்டையால் நாள்கணக்கில் அடித்து, மேலே தட்டை ஓடு (தட்டோடு) பதித்தது. ஒழுகினால் தட்டோட்டைப் பெயர்த்து அந்த இடத்தை மட்டும் செய்தால் போதும். நம்மவர்கள் அதன் மேலேயே மூன்று அங்குலக் கான்கிரீட் போடுவார்கள். பாரம் கூடும், புது வெடிப்பில் இறங்கும் நீர் உள்ளேயே தங்கும், சுவருக்குள் இருக்கும் உத்தர முனை கண்ணுக்குத் தெரியாமலே மக்கும்.

இந்தத் தலைவரை மட்டும் சொல்லி என்ன? கோயில் தூணில் எனாமல் பெயிண்ட் அடித்தார்கள், பிறகு அதை எடுக்க மணலைப் பீய்ச்சி அடித்தார்கள், கல்வெட்டு மழுங்கிப்போனது. ஊருணியைச் 'சீரமைத்து' நாலு பக்கமும் கான்கிரீட் சுவர் எழுப்பி, நடைபாதையும் எல்.இ.டி. விளக்கும் வைத்தார்கள், தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை மட்டும் மறந்துவிட்டார்கள், தண்ணீர் வரவில்லை. தமிழ்நாட்டில் மரபுச் சின்னங்களுக்கான ஆணையச் சட்டம் 2012லேயே வந்துவிட்டது. 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலிலும் ஏறின. அதற்கெல்லாம் பேனர் கட்டத் தவறியதில்லை.

அரசால் முடியாது என்றும் சொல்ல முடியாது. 2012இல் தீயில் எரிந்த சென்னை சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகாலைப் பொதுப்பணித்துறைதானே மீட்டெடுத்தது? அங்கே முடிந்தது இங்கே முடியாதா? அல்லது திறப்பு விழாக் கல்லில் பெயர் ஏற அவ்வளவு நாள் காத்திருக்கப் பொறுமை இல்லையா?

தலைவரின் மரபுப் பற்றை நாங்கள் சந்தேகிக்கவில்லை; அவர் மேடையில் பேசிக் கேட்டிருக்கிறோம். வேலைக்கான மதிப்பீட்டுத் தாளை அலுவலகப் பலகையில் ஒட்டச் சொல்லித் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்கிறோம். சிமெண்ட் என்று முடிவே ஆகிவிட்டதென்றால், தரையிலிருந்து மூன்றடிக்காவது சுண்ணாம்பே பூசட்டும். கொத்தும்போது பழைய பூச்சில் ஒரு சதுர அடியை மட்டும் விட்டுவைக்கட்டும்; கலவை பார்க்க மாதிரிக்கு வேண்டும்.

இப்படிக்கு,
சுண்ணாம்புப் பூச்சு வேலை செய்வோர் சிலர்,
சிவகங்கை மாவட்டம்.