1920 என்று விற்ற திரையில் 1280 தான் இருக்கிறது: பணத்தைத் திருப்பித் தாருங்கள்

முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். பத்து வாரமாகப் பொறுத்துவிட்டேன். எத்தனை தொலைபேசி அழைப்பு, எத்தனை தரம் நேரில் வந்தது! இனி முடியாது.

உங்கள் 10.1 அங்குல டெப்லட்டை மகளுக்காக வாங்கினேன். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை. கடந்தகால வினாத்தாள்களைத் திறந்தால் 'ண'வும் 'ன'வும் கலங்கி ஒன்றுபோலத் தெரிகின்றன என்று முதல் வாரமே சொன்னாள். பெட்டியில் 1920×1200 என்று, அதாவது அகலத்தில் 1920, உயரத்தில் 1200 பிக்ஸல் (திரையின் குட்டிப் புள்ளிகள்) என்று, கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட திரையில் எழுத்துக் கலங்கலாமா?

அவளுடைய விஞ்ஞானப் பாடத்துக்காகப் புறக்கோட்டையில் வாங்கிய மலிவு நுணுக்குக்காட்டி வீட்டில் இருந்தது. திரையை முழு வெள்ளையாக்கி, மேலே அடிமட்டத்தை வைத்துப் பார்த்தேன். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று குட்டிக் கோடுகள் சேர்ந்தால் ஒரு பிக்ஸல். இது உங்களுக்குத் தெரியாததா? நீங்கள் சொல்லும் அளவுக்கு ஒரு சென்ரிமீற்றரில் ஏறக்குறைய 88 இருக்க வேண்டும். கண் நோக எண்ணினேன்: 59. மறுநாள் காலையிலும் அதே 59. அண்ணாவின் டெப்லட் வேறு கம்பனி, ஆனால் அதே அங்குலம், அதே 1920×1200. அதில் 88 சரியாக வந்தது. 59 என்பது 1280×800 திரைக்கு வரும் கணக்கு. 23 இலட்சம் பிக்ஸலுக்குக் காசு வாங்கிக்கொண்டு 10 இலட்சம் தந்திருக்கிறீர்கள்.

இதையெல்லாம் படம் எடுத்து உங்கள் சேவை நிலையத்துக்குக் கொண்டுவந்தேன். கவுண்டரில் இருந்தவர் படங்களைத் தொட்டும் பார்க்கவில்லை. செட்டிங்ஸைத் திறந்து நீட்டி, "1920 எண்டு போட்டிருக்குதானே அக்கா, உங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். மகளும் பக்கத்தில்தான் நின்றாள். அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன். செட்டிங்ஸில் எந்த எண்ணையும் எழுதி வைக்கலாம். ஒரு பிக்ஸல் கறுப்பு, ஒரு பிக்ஸல் வெள்ளை என்று மாறி மாறிக் கோடு போட்ட 1920 அகலப் படத்தைத் திறந்து பாருங்கள். கோடுகள் நிற்காமல் சாம்பல் பட்டைகளாகக் கலங்கும்.

அதற்கு முந்திய தடவையைச் சொல்ல மறந்துவிட்டேன். உங்கள் ஆட்களே நாள் குறித்து வரச் சொன்னார்கள். அரைநாள் லீவு போட்டு, வெள்ளவத்தையிலிருந்து 100 ஆம் இலக்க பஸ்ஸில் மழையில் நின்றுகொண்டு வந்தால் ஷட்டர் பூட்டிக் கிடக்கிறது. அன்று பின்னேரம் முழுக்க நீங்கள் பூட்டுவீர்களாம், காவலாளி சொன்னார். ஒரு போன் பண்ணிச் சொல்ல முடியாதா? என் இரண்டு வருடச் சேமிப்பு, பிள்ளையின் படிப்பு, கண் எல்லாம் பாழாகிவிட்டது.

தயவுசெய்து இதைக் கோபத்தில் எழுதியதாக எடுக்க வேண்டாம். உங்கள் தொழில்நுட்பவியலாளர் ஒருவர் என் முன்னால் இருந்து எண்ணட்டும். 88 வந்தால் நான் பேசாமல் போய்விடுகிறேன். வராவிட்டால் முழுப் பணமும் திரும்ப வேண்டும். மாற்று டெப்லட் வேண்டாம்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்தத் தவணை முடியட்டும் என்றுதான் இழுத்தடிக்கிறீர்களோ என்று இப்போது சந்தேகம் வருகிறது. ஏழு நாட்களுக்குள் பதில் வராவிட்டால் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் முறைப்பாடு போகும். அதிகாரசபையின் 1977 தொலைபேசி இலக்கத்துக்கும் அழைப்பேன். பற்றுச்சீட்டு, பெட்டி, நுணுக்குக்காட்டிப் படங்கள் மூன்றும் என் கையில் இருக்கின்றன.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்