ஒப்பந்தப் பத்திரம் காப்பாற்றுமா?

ஐயா,

திருப்பூரில் சிறு பனியன் நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதி வருகிறேன். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவரிடம் ‘நான் சுயதொழில் செய்பவர்’ என்று பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. தொல்லை இராது என முதலாளிகள் பலர் நம்புகிறார்கள். ஒரு தையற்கடையில் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பெற்று, வேறு கடைகளுக்கும் தைத்துக் கொடுக்கும் சுதந்திரம் உள்ளவர்களாயினும், தையல் இயந்திரம் கடையுடையது, தைத்தது சரியில்லையென்றால் திருப்பித் தைக்கச் சொல்லும் உரிமையும் கடைக்கே உண்டு என்பதால், அவர்கள் கடையின் ஊழியர்களே என்று சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1973-லேயே தீர்ப்பளித்துவிட்டது. பத்திரம் எழுதித் தரும் ஆலோசகர்கள் இதைச் சொல்வதில்லை. விசாரணை வந்தால் பழைய பாக்கி, வட்டி, அபராதம் ஆகியவற்றோடு, கூலியில் பிடிக்காமல் விட்ட தொழிலாளர் பங்கும் பெரும்பாலும் முதலாளி தலையில்தான் விழும்.

– ஒரு வாசகர், திருப்பூர்