மறுபடியும் இருநூறு

மாப்ள,

வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, என் நரைமுடியைத் தூரத்திலிருந்தே எண்ணிச் சொல்கிற அளவுக்குப் பார்வை வந்துவிட்டது. வேலையைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. விஷயம் வேறு. போன ஞாயிறு நம் சைக்கிள் கூட்டத்தோடு போய் 200 கிலோமீட்டர் முடித்துவிட்டு வந்தேன். அந்த முழங்காலை வைத்துக்கொண்டா என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. சிரி.

இருட்டோடு கிளம்பினோம். முன்விளக்கு, பின்விளக்கு, ஒளிரும் சட்டை எல்லாம் சரி பார்த்த பிறகுதான் பிரவே கார்டை, அதுதான் வழியில் முத்திரை வாங்குகிற அட்டையை, கையில் கொடுத்தார்கள். வாத்தியார் அதே ஹெல்மெட்டோடு அதே பிரசங்கம் செய்தார். இது ரேஸ் இல்லை, முதலில் வந்தவனுக்கும் கடைசியில் வந்தவனுக்கும் ஒரே மரியாதைதான், 13 மணி 30 நிமிடத்துக்குள் வந்து சேருங்கள் என்றார். சொல்லி முடித்துவிட்டு முதல் திருப்பத்துக்கு அப்புறம் ஆளையே காணோம், ரேஸ்தான். டாக்டர் இந்த முறையும் இரண்டு பம்ப் கொண்டுவந்திருந்தார். இரண்டும் வேலை செய்யவில்லை. நம் ரயில்வே பயல் இன்னும் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, ஆனால் கார்பன் சக்கரம் வாங்கிவிட்டான்.

புதிதாக நிறையப் பையன்கள் வந்திருக்கிறார்கள். நன்றாக மிதிக்கிறார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் எல்லோர் பார்வையும் ஹேண்டிலில் இருக்கிற சின்னத் திரையில்தான். பள்ளம் வந்தால் கை காட்டுவதில்லை, கல் கிடந்தால் கத்துவதில்லை, தான் மட்டும் லாகவமாக ஒதுங்கிப் போய்விடுகிறார்கள். பின்னால் வருகிறவன் நேராக அதில் போய் இறங்குகிறான். இரண்டு முறை பொறுத்துப் பார்த்த ரயில்வே மூன்றாவது முறை வாயைத் திறந்தான். அவன் சொன்னதை இங்கே எழுத முடியாது. அதன் பிறகு எல்லோரும் சாணி, மணல் என்று சகலத்துக்கும் கை காட்ட ஆரம்பித்தார்கள். ஒருவன் நிழலுக்குக்கூடக் காட்டினான்.

கார்டில் முத்திரை குத்துகிற 100 கிலோமீட்டர் கன்ட்ரோல் 6 மணி 40 நிமிடத்தில் மூடிவிடும் என்பது உனக்குத் தெரியும். எனக்கு அதுதான் பயம். அதற்குப் பாதி வழியிலிருந்தே எதிர்க்காற்று. தனியாக மாட்டியிருந்தால் நான் அங்கேயே சைக்கிளைச் சாய்த்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். டாக்டர்தான் சத்தம் போட்டு ஆட்களை வரிசையில் சேர்த்தார். ஆளுக்குக் கொஞ்ச நேரம் முன்னால் இழுப்பது, அப்புறம் ஒதுங்கி வழிவிட்டுக் கடைசிக்கு வந்துவிடுவது, பழைய முறைதான். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும், மிதிக்க வேண்டிய சக்தி எட்டு மடங்காகும் என்று எனக்கு முதலில் கணக்குப் போட்டுக் காட்டியவன் நீ. அதை நான் ஞாயிற்றுக்கிழமை தொடையில் படித்தேன். முன்னால் நின்றபோது நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. பின்னால் வந்து ஒருவன் முதுகுக்குள் ஒளிந்ததும், கால்வாசிக்கு மேல் பாரத்தை யாரோ இறக்கி வைத்துவிட்டார்கள். அதே வேகம், ஆனால் பேச மூச்சு இருக்கிறது. பேசினோம். முழுக்க உன்னைத்தான் திட்டினோம்.

முன்னால் இழுக்கிறவனுக்கும் பின்னால் ஆள் ஒட்டி வருவதால் ஒரு சின்ன லாபம் உண்டாம், அவன் முதுகுக்குப் பின்னால் சுழலும் காற்று அவனைப் பின்னுக்கு இழுப்பது கொஞ்சம் குறைகிறதாம். டாக்டர் சொன்னார். "அப்படியானால் இத்தனை வருஷமாக உங்கள் பின்னால் ஒண்டி வந்ததற்கு நீங்கள்தான் எனக்கு நன்றி சொல்ல வேண்டும்" என்றேன். அவர் பதில் பேசாமல் வேகத்தைக் கூட்டிவிட்டார்.

கன்ட்ரோலில் முத்திரை வாங்கும்போது கொஞ்சம் நேரம் மிச்சம் இருந்தது. திரும்பும்போது காற்று முதுகில். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, சுகத்தை யார் கவனிக்கிறார்கள்? கடைசிக்கு முந்தைய கூட்டத்தில் வந்து சேர்ந்தேன். முழங்கால் வலிக்கவில்லை. மற்ற எல்லா இடமும் வலித்தது.

இனி நான் எழுத உட்கார்ந்த காரணம்.

வீட்டுக்குள் சைக்கிளை நிறுத்திவைத்து மிதிக்கிற டிரெய்னரில் மூன்று மணி நேரம் மிதித்தேன் என்று படம் அனுப்பியிருந்தாய். பார்த்தேன். அந்த எண்களைப் பார்த்தால் உன் காலுக்கு ஒன்றும் ஆகவில்லை, என்னைவிட நன்றாகவே இருக்கிறது. பிறகு ஏன் வரமாட்டேன் என்கிறாய் என்று வாத்தியாரிடம் கேட்டேன். நீ அவரிடம் சொன்னதை அவர் சொன்னார். 'எனக்குக் கை தாமதமாகிவிட்டது, இனி கூட்டத்தில் ஓட்டினால் அடுத்தவனையும் சேர்த்துத் தள்ளிவிடுவேன்' என்றாயாமே. இதை என்னிடம் ஏன்டா சொல்லவில்லை?

நீ விழுந்த அன்றைக்கு உனக்கு நேர் பின்னால் வந்தவன் நான். நடந்ததை முழுதாகப் பார்த்தவனும் நான்தான். உன் முன்சக்கரம் முன்னால் போனவனின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில், ஒரு சாண் உள்ளே இருந்தது. அவன் கல்லுக்கு ஒதுங்கினான், கை காட்டவில்லை. இரண்டு சக்கரமும் உரசின. உரசினால் முன்னால் போகிறவன் பெரும்பாலும் தப்பிவிடுவான், பின்னால் இருப்பவன்தான் விழுவான். சைக்கிள் விழாமல் நிற்பதே நாம் சாய்கிற பக்கம் முன்சக்கரத்தைத் துளித்துளியாகத் திருப்பிக்கொண்டே இருப்பதால்தான். அந்தச் சக்கரத்தைத் திருப்பவிடாமல் இன்னொரு சக்கரம் தடுத்தால் யார் என்ன செய்ய முடியும்? இருபது வயதுப் பையனும் விழுந்திருப்பான். உனக்குக் காரை எலும்பு போனது, அவனுக்கு வேறு ஏதாவது போயிருக்கும். கையின் வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை மாப்ள. நீ இருந்த இடம் அப்படி. இடத்தை மாற்றிக்கொள்ளலாம், அதற்காகச் சைக்கிளை விட வேண்டாம்.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கிளம்பிய முதல் ஒரு மணி நேரம் நானும் யார் பின்னாலும் ஒட்டவில்லை, பிரேக் மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டே போனேன். அப்புறம் மெதுவாகப் பழையபடி வந்தது. முன்னால் போகிறவனின் டயரைப் பார்க்காமல் தோளுக்கு மேலே பார்ப்பது, சக்கரத்தைப் பக்கவாட்டில் நுழைக்காமல் பின்னாலேயே வைத்திருப்பது, மிதிப்பதைச் சட்டென்று நிறுத்தாமல் இருப்பது. உடம்பு மறக்கவில்லை. டிரெய்னரில் இதில் ஒன்றையும் பழக முடியாது, அங்கே விழவும் முடியாது, அதுதான் அதன் கோளாறு.

அதனால் ஒரு யோசனை. முதலில் நீயும் நானும் மட்டும் போகலாம். நான் முன்னால், நீ இரண்டு சைக்கிள் தூரம் விட்டுப் பின்னால். அவ்வளவு தள்ளி வந்தாலும் காற்று ஓரளவு குறையத்தான் செய்யும். உனக்குத் தோன்றும்போது நெருங்கு, தோன்றாவிட்டால் வேண்டாம். 2027 பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் சைக்கிள் பயணத்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை. 1200 கிலோமீட்டர், 90 மணி நேரம், அதே வருடத்தில் 200, 300, 400, 600 நான்கையும் முடித்தால்தான் உள்ளேயே விடுவார்கள் என்று விடிய விடியக் கணக்குப் போட்டு, என்னிடமும் சத்தியம் வாங்கியவன் நீ. அது கிடக்கட்டும். எனக்கு வேண்டியது அடுத்த 200-ல் திட்டுவதற்கு நீ பக்கத்தில் இருப்பது. இல்லாத ஆளைத் திட்டினால் பதில் வருவதில்லை, பாதியிலேயே அலுத்துவிடுகிறது.

சனிக்கிழமை காலையில் வருகிறேன், வேண்டாம் என்று சொன்னாலும் வருவேன். டயரின் பக்கச் சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து வை. டியூப்லெஸ் என்பதால் உள்ளே இருக்கிற, ஓட்டையை அடைக்கிற சீலன்ட் எப்போதோ காய்ந்து தோலாகியிருக்கும், நான் ஒரு பாட்டில் கொண்டுவருகிறேன். பெடல் இரண்டையும் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டாய் என்று தங்கச்சி சொன்னாள். அதை மாட்டி வை. இடது பெடலுக்கு மரை தலைகீழ், இடப்பக்கமாகத் திருப்பினால்தான் இறுகும். ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கையாலேயே நாலு சுற்று ஏறுகிறதா என்று பார்.

உன் மச்சான்