புறாவின் பெயர் பெற்ற பிள்ளைகள்

அன்புள்ள சண்முகத்துக்கு,

இங்கு அனைவரும் நலம். மாசியில் வந்த உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்து, செய்தித்தாளை மறுபடியும் வரி விடாமல் படிக்கிறார். வரதன் வழக்கம்போல் எல்லாவற்றையும் பேசுகிறான், அந்தப் பணத்தைத் தவிர.

ஐரோப்பியர் ஓநாய், நரி, கரடி என்று குடும்பப் பெயர் கொண்டதற்கு முன்னோரின் குணமே காரணம் என்று நீ அடித்துச் சொல்லியிருந்தாய். பட்டப்பெயரே நிலைத்துவிட்ட குடும்பங்கள் உண்டுதான். ஆனால் எல்லாவற்றையும் அதே கணக்கில் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பிராங்க்பர்ட் நகரில் யூதர்கள் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த தெருவில் வீட்டுச் சின்னங்களே முகவரியாக இருந்தன. கழுகு வீட்டார் ஆட்லர் ஆனார்கள், தீக்கோழி வீட்டார் ஸ்ட்ராஸ் ஆனார்கள். பைபிளின் ஆதியாகமத்தில் யாக்கோபு தன் மகன் பென்யமீனை ஓநாய் என்கிறார். அதனால்தான் யூதர்களிடையே பென்யமீன் என்ற பெயருள்ளவர்களுக்கு ஓநாய் என்று பொருள்படும் வோல்ஃப் என்னும் பெயரும் வழங்கி, பின்னர் அது குடும்பப் பெயருமாயிற்று. அந்த ஓநாய் வேதத்திலிருந்து வந்ததே தவிர, எவருடைய மூர்க்கத்திலிருந்தும் வந்ததன்று.

ஆயினும் என் மனத்தை விட்டு அகலாதவர்கள் இத்தாலியின் மிலான் நகரத்துக் கொலம்போக்கள். யாழினி அங்கே படிக்கச் சென்ற நாள்முதல் இந்தப் பெயரை அடிக்கடி கேட்கிறேன். நம் கொழும்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது புறாவைக் குறிக்கும் பெயர். 1456ஆம் ஆண்டு மிலானை ஆண்ட பிரான்செஸ்கோ ஸ்போர்சா அங்கே நிறுவிய பெரிய மருத்துவமனையின் சின்னம் புறா. வளர்க்க வழியின்றிப் பெற்றோர் விட்டுச்சென்ற குழந்தைகளுக்கு 1825 வரை அங்கே கொலம்போ என்ற அந்த ஒரே பெயரைத்தான் சூட்டினார்கள். சுவரில் பதித்திருந்த சுழல்பெட்டியில் வெளியிலிருந்து குழந்தையைக் கிடத்திச் சுழற்றினால் அது உள்ளே போய்விடும்; வைத்தவரின் முகம் எவருக்கும் தெரியாது. அந்தப் பெட்டியை 1868இல்தான் மூடினார்கள். தாய்மார் சிலர் ஒரு சீட்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் குழந்தையின் துணியோடு வைத்துவிட்டு, மறு பாதியைத் தம்மிடம் வைத்துக்கொள்வார்களாம். காலம் கூடி வந்தால் இரண்டையும் பொருத்திக் காட்டிப் பிள்ளையை மீட்டுக்கொள்ளலாம் அல்லவா? மீட்க யாரும் வராத குழந்தைகளின் பாதிச் சீட்டுகள் இன்றும் மிலான் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, சண்முகம். இதை அறிந்தபின் அந்தப் பெயரில் சாதுவான ஒரு முன்னோரைத் தேட எனக்கு மனம் வரவில்லை.

நேப்பிள்ஸ் நகரில் இத்தகைய பிள்ளைகளுக்கு எஸ்போசிட்டோ, அதாவது விடப்பட்டவன், என்றே பெயரிட்டார்கள். அந்தக் கொடுமையோடு ஒப்பிட்டால் புறா எவ்வளவோ மேல். அதற்காகக் கொலம்போ என்ற பெயருள்ள எல்லோரையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடாதே. கடலோடிய கொலம்பஸின் இத்தாலியப் பெயரும் கொலம்போதான்; ஆனால் அவர் ஜெனோவாவில் நெசவாளி ஒருவருக்குப் பிறந்தவர்.

கோமதி அக்காவிடமும் இதைப் படித்துக் காட்டு. இத்தகைய விஷயங்களில் நம் இருவரையும் விட அவருக்கு நிதானம் அதிகம். உன் மறுப்பு எதுவானாலும் ஒளிக்காமல் எழுது.

அன்புடன்,
முருகேசன்