எறிந்த சிப்பியும் வரலாறுதான்

ஆசிரியருக்கு,

தொல்லியல் என்றாலே தங்கமும் காசும்தான் செய்தியாகின்றன. பழங்கால மனிதர் தின்றுவிட்டு எறிந்த சிப்பி ஓடுகள் குவிந்து உருவான மேடுகளைப் பற்றியும் எழுதுங்களேன்.

1877இல் யோகோஹாமாவிலிருந்து டோக்கியோவுக்கு ரயிலில் போன அமெரிக்க விலங்கியலாளர் எட்வர்ட் மோர்ஸ், ஓமோரி அருகே பாதையோரம் வெட்டிய மண்ணில் சிப்பிகள் தெரிவதை ஜன்னல் வழியே கவனித்தார். அதே ஆண்டில் அங்கே தோண்டவும் செய்தார். கயிறு அழுத்திய தடத்தோடு பானை ஓடுகள் கிடைத்தன. ஜப்பானின் வரலாற்றுக்கு முந்தைய காலங்களில் ஒன்றான ஜோமோன் காலத்தின் பெயரே அந்தக் கயிற்றுத் தடத்திலிருந்து வந்ததுதான்.

ஜப்பானின் எரிமலை மண்ணில் அமிலம் அதிகம், எலும்பைக் கரைத்துவிடும். சிப்பியின் சுண்ணாம்பு அதைத் தடுத்து மீன்முள்ளையும் மான் எலும்பையும் காத்திருக்கிறது. ஜோமோன் மேடுகளில் நாய்களைக்கூடப் புதைத்திருக்கிறார்கள். எத்தனை பிரியம் இருந்திருக்க வேண்டும்! அப்புறம், சிப்பி ஓட்டை அறுத்து வளர்ச்சிக் கோடுகளை நுண்ணோக்கியில் எண்ணினால், அந்தச் சிப்பியை எந்தப் பருவத்தில் பிடித்தார்கள் என்றே சொல்லிவிடலாம்.

உலகில் இப்படிப்பட்ட மேடுகள் பல, சுண்ணாம்புக்கும் சாலைக்கும் அள்ளப்பட்டுவிட்டன. மிஞ்சியவற்றைப் பற்றிப் படங்களோடு ஒரு தொடர் வெளியிடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் ஆசையாகப் படிப்பார்கள்.

— ஒரு வாசகி, தூத்துக்குடி