தோகையோடு நின்றுவிடாதே, பாப்பா

அன்புள்ள பாப்பா,

உன் போனை வைத்ததிலிருந்து அதே நினைப்புதான். தோகையின், அதாவது நெல் இலையின், படத்தைக் கொடுத்தால் நெல்லுக்கு என்ன நோய் என்று கம்ப்யூட்டரே சொல்கிறது, நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சரியாகவும் சொல்கிறது என்றாய். கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு நிறைந்தது. வேளாண் உதவி அலுவலராக டெல்டாவில் முப்பது வருஷம் வரப்பு நடந்தவன் நான். ஒரு ஆள் ஒரு நாளில் எத்தனை வயல் ஏறி இறங்க முடியும் என்று எனக்குத் தெரியும். நான் போய்ச் சேராத வயல்கள்தான் அதிகம். அங்கெல்லாம் உன் வேலை போய்ச் சேரட்டும்.

"வேற என்ன மாமா பார்க்கணும்?" என்று கடைசியில் கேட்டாயே, அதற்குப் போனில் பதில் சொல்ல வரவில்லை. இதே ஆராய்ச்சியில் இருக்கும் மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

இலைப் படத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டர் நோயைச் சொல்வது பற்றி நீ அனுப்பிய 2016-ஆம் வருஷத்துக் கட்டுரையைப் பொறுமையாகப் படித்தேன். 54,306 படங்கள், 14 பயிர்கள், 26 நோய்கள், 99.35 சதவீதம் சரி. வேறு இடங்களில் எடுத்த படங்களைக் கொடுத்ததும் அதுவே 31 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. அதை அவர்களே மறைக்காமல் எழுதியிருப்பது எனக்குப் பிடித்தது. இலையைப் பறித்து, ஒரே நிறத் தாளின் மேல் வைத்து எடுத்த படங்கள் அவை. 2022-இல் இன்னொருவர் அதே படங்களில் இலையை விட்டுவிட்டு, பின்னணியிலிருந்து எட்டே எட்டுப் பிக்சல் புள்ளிகளை மட்டும் கொடுத்துப் பார்த்தாராம். அதற்கே 49 சதவீதம் சரியான பதில்! அப்படியானால் விரித்த தாளையும் சேர்த்துத்தான் அது படித்திருக்கிறது. அந்த 14 பயிரில் நெல் கிடையாது என்பதையும் கவனித்தேன்.

திருநெல்வேலிப் பக்கத்து வயல்களில் எடுத்த 16,225 நெல் படங்களை வைத்துத் தொடங்கியிருக்கிறேன் என்றாய். நல்லது. வயலில் நின்று எடுத்த படத்துக்கு மதிப்பு வேறு. ஆனால் நீயும் வயலுக்குள் இறங்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம். நட்டு மூன்று வாரம் ஆன வயல். பயிர் குட்டையாக, தோகை மஞ்சளும் துருவுமாக நின்றது. வரப்பில் நின்றபடியே துங்ரோ என்று சொல்லிவிட்டேன். துங்ரோ வைரஸ் நோய், அதைப் பரப்புவது பச்சைத் தத்துப்பூச்சி. நான் சொன்னதை நம்பி அந்த விவசாயி கடன் வாங்கிப் பூச்சிமருந்து அடித்தார், இரண்டு தடவை. பயிர் தெளியவில்லை. அப்புறம் எங்கள் மேலதிகாரி ஒருவர் வந்து வயலுக்குள் இறங்கினார். மஞ்சளித்த இடமெல்லாம் தண்ணீர் தேங்கும் பள்ளம் என்று காட்டினார். அடித்தோகைகளில்தான் துருத் திட்டு அதிகம். அது துத்தநாகப் பற்றாக்குறை. ஏக்கருக்குப் பத்து கிலோ ஜிங்க் சல்பேட்டோடு முடிந்திருக்க வேண்டியது. அந்த விவசாயி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவர் வீட்டம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார். அந்த மோர் தொண்டையில் இறங்கவில்லை பாப்பா.

துங்ரோவா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. விடியற்காலை ஆறு மணிக்கு முன்னால் தோகை நுனியைப் பத்து சென்டிமீட்டர் நறுக்கி, அயோடின் கரைசலில் கால் மணி நேரம் போட்டு, கழுவிப் பார். 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் அயோடின், 6 கிராம் பொட்டாசியம் அயோடைடு. கருநீலக் கோடு ஓடினால் துங்ரோ. நல்ல தோகை பகலில் சேர்த்த மாவுச்சத்தை ராத்திரியில் மற்ற பாகங்களுக்கு அனுப்பிவிடும். துங்ரோ வந்த தோகையில் அது அங்கேயே தங்கிவிடும். அதனால்தான் விடியற்காலையில் பார்க்க வேண்டும், சாயந்திரம் பார்த்தால் நல்ல தோகையும் நீலம் காட்டும். இந்த ஒன்றை எந்த கேமராவும் பார்க்காது.

பாக்டீரியா இலைக்கருகலுக்கும் இப்படி ஒன்று உண்டு. தோகையை நறுக்கி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டிய முனை தண்ணீருக்குள் இருக்கும்படி நிறுத்து. சில நிமிஷத்தில் வெட்டுவாயிலிருந்து பால் மாதிரி ஒரு இழை மெதுவாகக் கீழே இறங்கும். முதல் தடவை பார்க்கும்போது மெய்சிலிர்க்கும்.

புகையான் பூச்சியை எடுத்துக்கொள். வயல் நடுவே வட்ட வட்டமாகக் காய்ந்திருக்கும். காய்ந்த தோகையைப் படம் எடுத்தால் உன் நிரல் கருகல் நோய் என்று சொல்லலாம். தூரைக் கையால் பிரித்துப் பார்த்தால்தான் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பழுப்புப் பூச்சிகள் அப்பிக்கொண்டிருப்பது தெரியும். குலை நோய் 1913-இலேயே நம் நாட்டில் பதிவானது. தோகையில் கண் வடிவப் புள்ளியாக வந்தால் சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். கழுத்தில் வந்தால்? தோகை பச்சையாகவே இருக்க, கதிரின் கழுத்து கறுத்து ஒடிந்து மணி பதராகிவிடும்.

ஆகவே படத்தோடு நாலு கேள்வியும் கேட்கட்டும் உன் நிரல். என்ன ரகம், நட்டு எத்தனை நாள், யூரியா எப்போது போட்டார்கள், பயிர் திட்டுத் திட்டாகப் பாதித்திருக்கிறதா, வயல் முழுக்கவா. இதைக் கேட்காமல் நாங்கள் யாரும் வாய் திறக்க மாட்டோம்.

இன்னொன்று, படங்களுக்கு நோயின் பெயரைப் போட்டது யார்? அனுபவப்பட்ட இரண்டு பேர் தனித்தனியாகப் பெயர் போட்டு, ஒத்துப்போகாத படங்களை ஒதுக்கி வைத்துப் பார். அந்தப் படங்களில்தான் நீ கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கும். ஒரே தூரை நாலு கோணத்தில் எடுத்து, மூன்றைப் படிக்கக் கொடுத்து, நாலாவதைப் பரீட்சைக்கு வைத்தால் மார்க் கூடத்தான் செய்யும். உன் நிரல் பார்த்தே இராத ஊரின் வயலைப் பரீட்சைக்கு வை. மார்க் இறங்கினால் கலங்காதே, அந்த மார்க்கையே கட்டுரையில் எழுது.

"எனக்குத் தெரியவில்லை, ஆளைக் கூப்பிடு" என்று சொல்லவும் அதற்குக் கற்றுக்கொடு. தப்பான பெயரைச் சொன்னால் விவசாயி நேரே மருந்துக்கடைக்குத்தான் போவார். அன்றைக்கு வரப்பில் நான் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருக்கலாம்.

மார்கழியில் வா. சம்பா நெல் கதிர் வாங்கியிருக்கும், அதற்குப் பின்னால் நட்ட தாளடி இளம்பயிராக நிற்கும், இரண்டையும் பார்க்கலாம். அயோடினும் இரண்டு கண்ணாடி டம்ளரும் எடுத்து வைக்கிறேன். ஐந்தரைக்கு எழுப்புவேன் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பழைய சுடிதார் ஒன்று கொண்டுவா, முழங்கால் வரைக்கும் சேறு இருக்கும்.

அன்புடன்,
மாமா