கத்தி வைக்கும் முன் ஆளையும் பாருங்கள்

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். எழுபது, எண்பது வயதில் பெருங்குடல் புற்றுநோயோடு வருபவர்களுக்கு ஆபரேஷன் எவ்வளவு பெரிய கண்டம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வயதைக் காட்டி ஆபரேஷனை மறுக்கச் சொல்லி நான் எழுதவில்லை. கேட்பது ஒன்றுதான்: கத்தி வைக்கும் முன் அந்த முதியவரின் உடம்பு எதைத் தாங்கும் என்று முறையாகச் சோதியுங்கள், தெரிந்ததை அவரிடமே புரியும்படி சொல்லுங்கள்.

என் அப்பாவுக்கு வயது 79. வலதுபக்கக் குடலில் கட்டி. உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்து ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே இறங்கியிருந்தது. வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துவிட்டார். ஸ்கேன், எக்கோ எல்லாம் எடுத்தார்கள். படி ஏறுவாரா, ஞாபகம் எப்படி, சமீபத்தில் எங்காவது விழுந்தாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. முந்தின ராத்திரி ஆங்கிலப் படிவம் ஒன்றை நீட்டி அண்ணனிடம் கையெழுத்து வாங்கினார்கள். அப்பா கட்டிலில் விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள். அதற்கு நன்றி. ஆனால் இரண்டாம் நாள் ராத்திரி அப்பாவுக்குப் புத்தி தடுமாறியது. மூக்குக் குழாயைப் பிடுங்கினார். கட்டுத்துணியால் கையைக் கட்டில் கம்பியோடு கட்டினார்கள். அவிழ்த்துவிடச் சொல்லி, பெற்ற மகனான என்னை ‘சார், சார்’ என்று கெஞ்சினார். வயதானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு இது அடிக்கடி வருவதுதான் என்றார் டியூட்டி டாக்டர். அடிக்கடி வருவதென்றால் முன்பே ஏன் எங்களிடம் சொல்லவில்லை? இன்று கழிப்பறைக்குப் போகக்கூட அப்பாவுக்கு ஒருவர் தோள் கொடுக்க வேண்டும்.

உடல் தளர்ச்சியை 1 முதல் 9 வரை மதிப்பிடும் ராக்வுட் அளவுகோல் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரச் சொல்லும் சோதனைக்கு ஒரு கடிகாரம் போதும். குடல் அடைத்துக்கொண்டு அவசரமாக வருபவருக்கு நேரமில்லை, சரி. அடைப்பில்லாத கட்டிக்குப் பெரும்பாலும் ஓரிரு வாரமாவது கிடைக்குமே. அதற்குள் நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றலாம், புரதம் கொடுக்கலாம், நடைப்பயிற்சியும் மூச்சுப்பயிற்சியும் தொடங்கலாம். சத்தில்லாத உடம்பில் குடலை இணைத்துத் தைத்த இடம் கசிந்தால் இளைஞர் மீள்வதுபோல முதியவர் மீள்வதில்லை.

முதியோர் மருத்துவத்தில் நாட்டுக்கே முன்னோடி சென்னை மருத்துவக் கல்லூரி. 2024-இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் திறந்தாயிற்று. எங்கள் ஊர் அறுவை சிகிச்சை வார்டில் ஒரு முதியோர் நல டாக்டரைக் கண்ணில் பார்க்க முடியவில்லை. மருந்து வாங்கும் வரிசையில் கிழவர்கள் உட்கார ஒரு பெஞ்சு கிடையாது. பெரியவர்களுக்கு மரியாதை என்று மேடையில் பேசுவதெல்லாம் அந்த வரிசையில் எங்கே போகிறது? மன்னிக்கவும், கோபத்தில் விலகிவிட்டேன்.

70 வயது தாண்டியவருக்குப் புற்றுநோய் ஆபரேஷன் என்றால் தளர்ச்சிச் சோதனையும், தமிழில் சம்மதப் படிவமும், நோயாளியோடு நேர்ப் பேச்சும் கட்டாயம் என்று அரசாணை பிறப்பிக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பிழைப்பாரா என்பதோடு, வீடு திரும்பியபின் தானாக எழுந்து நடப்பாரா என்பதும் அந்தப் பேச்சில் வரட்டும். தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தட்டும்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகன்